முடக்கி வைத்த முப்பது நாள்

குடிநீர் வாரியத்தின் கணினிப் பிரிவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாசல்காரம்மா என்றால்தான் தெரியும். வாசலில் உட்கார்ந்து ஆட்களைத் தடுத்து நிறுத்துகிறவள் என்று நினைத்துவிடக் கூடாது. மூன்றாவது மாடியில், கூரையில் மாட்டி ஒழுகும் ஏசி இயந்திரத்துக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் வாளிக்குப் பக்கத்தில்தான் அவள் இருக்கை. தண்ணீருக்கென்றே இருக்கும் அலுவலகத்தில் வாளி வைத்து உட்கார வேண்டியிருக்கிறதே என்று வருகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரித்து வைப்பாள்.

அவள் காத்த வாசல் கணினிக்குள் இருந்தது. வாரியத்தில் இருநூற்றுச் சொச்சம் செயலிகள். புது இணைப்புக்கு ஒன்று, லாரி அனுப்ப ஒன்று, விடுப்பு எழுத ஒன்று, பரிசோதனைக் கூடத்துக்கு ஒன்று. எதற்குள் போவதென்றாலும் ஊழியர் முதலில் அந்த ஒரே வாசலில் வந்து, தான் யார் என்று சொல்லியாக வேண்டும். ஆட்களுக்கு மட்டுமல்ல, செயலிகளுக்கும் அதே கதிதான். ஒவ்வொரு செயலியும் வாசலில் தன்னைப் பதிவு செய்துகொண்டு, ஒரு பெயரும் ஒரு ரகசியச் சாவியும் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படிப் பதிவானதை க்ளையன்ட் என்பார்கள்.

க்ளையன்ட்டைப் பதிவு செய்ய இரண்டு நிமிடம் போதும், யாரும் செய்துவிடுவார்கள். அழிப்பதுதான் வித்தை. செயலியை உருவாக்கியவர் வேலையை விட்டுப் போயிருப்பார், செயலியே செத்துப் போயிருக்கும், ஆனால் அதன் பெயரும் சாவியும் வாசலில் தொங்கிக்கொண்டே இருக்கும். திருடன் கையில் சிக்கினால் தொலைந்தது. அதனால் அழித்தாக வேண்டும். ஆனால் செத்துப் போனது எது, சும்மா படுத்திருப்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆறு வருடத்துக்கு முன் அவளும் ஒரு தடவை நன்றாகச் சறுக்கினாள். ஏழு வாரமாக யாருமே உள்ளே நுழையாத ஒரு க்ளையன்ட்டைக் கண்டாள், கை துறுதுறுத்தது, அழித்துவிட்டாள். அது பரிசோதனைக் கூடத்தினுடையது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விழித்து, எல்லாத் தொட்டிகளின் தண்ணீர் முடிவுகளையும் அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிப் போகும் சாதி. அழித்தது அழித்ததுதான். அதே பெயரில் மறுபடி உண்டாக்கினாள், சாவி வேறாக வந்தது. பேர் அதேதான், ஆள் வேற. கூடத்தில் இருந்தவர்கள் மூன்று நாள் தாளில் எழுதித் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்கினார்கள். ஒருவரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டாள். முதலில் உரிமையாளரைத் தேடுவாள். கிடைக்காவிட்டால், அழிக்க மாட்டாள், முடக்கி வைப்பாள். முடக்குவது என்றால் கதவைச் சாத்துவது, சாவி பத்திரமாக உள்ளேயே இருக்கும். முடக்கிவிட்டு முப்பது நாள் காத்திருப்பாள். யாருக்காவது தேவை இருந்தால் கத்துவார்கள். திரையில் ஒரு செய்தி வரும்: “இந்தச் சேவை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. தேவைப்படுவோர் ஹெல்ப்டெஸ்க்கை அழைக்கவும்.” கீழே எட்டு இலக்கத் தொலைபேசி எண். அந்த வாசகம் அவள் எழுதியது. முப்பதாம் நாள் அவளே இறங்கிப் போய், போனில் புகார் கேட்கும் அந்த ஹெல்ப்டெஸ்க்கின் குறிப்புகளை ஒரு வரி விடாமல் படிப்பாள். ஒரு கத்தலும் இல்லை என்றால்தான் அழிப்பாள்.

“மூச்சு இருக்கான்னு பாக்காம எடுத்துட்டுப் போகக் கூடாது” என்பாள் கேட்பவர்களிடம்.

அவள் கணவரும் அதே வாரியத்தில்தான் இருந்தார். நீர்த்தேக்கங்களின் கட்டுப்பாட்டு அறையில் முப்பத்தொரு வருடம். அவருக்கும் பட்டப்பெயர் உண்டு, நீர்மட்டம். எந்தத் தொட்டியில் எத்தனை அடி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர், அதனால் வந்த பெயர். வீட்டுக்கு வந்தால் வாய் ஓயாது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் புகார் ஆரம்பித்துவிடும். “உன் வாசல் இன்னிக்கு ரெண்டு தடவ என்னை வெளிய தள்ளிடுச்சு. பாஸ்வேர்ட் தப்புங்குது. என் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாதா?”

அவளும் விடமாட்டாள். “வீட்டுல வந்து சொன்னா எடுத்துக்க மாட்டோம். எட்டரைக்கு ஹெல்ப்டெஸ்க் திறக்கும். ஸ்டாஃப் நம்பரைச் சொல்லிப் புகார் குடுங்க.”

“கட்டின பொண்டாட்டிகிட்ட சொல்றதுக்கு ஸ்டாஃப் நம்பர் வேணுமா?”

“நம்பர் இல்லாம புகார் எடுக்க மாட்டாங்க.”

இந்தக் கூத்து பதினைந்து வருடம் நடந்தது. சில நாள் மறுநாள் காலை உண்மையாகவே போன் செய்து, ஸ்டாஃப் நம்பர் நான்கு ஒன்று மூன்று ஆறு என்று வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் புகார் கொடுப்பார். அது சுற்றி வளைத்து அவள் மேசைக்கே வரும். அவள் சரி செய்து, “புகார் தீர்க்கப்பட்டது” என்று எழுதி அனுப்புவாள். மாலையில் இரண்டு பேரும் ஒன்றும் நடக்காததுபோல ஒரே பேருந்தில் வீடு திரும்புவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் கட்டுப்பாட்டு அறையில் நாற்காலியோடு சாய்ந்தார். பக்கவாதம். உயிர் தங்கியது, வலது கையும் காலும் பேச்சும் போயின. என்ன போகவில்லை என்பதைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு வந்தவர் கோப்பை, கட்டில், கழிவறை என்று படங்கள் வரைந்த அட்டைகளைக் காட்டினார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்கு மாதம் பார்த்துவிட்டு, “புரிதல் எவ்வளவு இருக்குன்னு சொல்றதுக்கில்ல” என்று அவர் நாகரிகமாக விலகிக்கொண்டார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பெரிய பொத்தான்கள் வைத்த தொலைபேசி ஒன்றை வாங்கி மேசையின் இடது பக்கத்தில் வைத்தாள். அதை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

தினமும் அவர் தொட்டது ஒன்றே ஒன்றுதான். மேசை மேல் சாய்த்து வைத்த பழைய தொடுதிரை டேப். ஒன்பது வருடத்துக்கு முன் அனுமதி வாங்கி அவரே எழுதிய சின்னச் செயலி அதில் இருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஏழு நீர்த்தேக்கங்களின் மட்டத்தையும் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள. ஏழு நீலக் கம்பங்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் எண். தினமும் காலையில் சக்கர நாற்காலியை மேசையருகே தள்ளி நிறுத்தினால், இடது ஆட்காட்டி விரலால் திரையைத் தொடுவார். ஏழையும் பார்ப்பார். பார்த்து முடித்ததும் ஒரு பெருமூச்சு. மழைக்காலத்தில் அந்தப் பெருமூச்சு வேறு மாதிரி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றும். தோன்றுவதுதான், நிச்சயமில்லை. குழந்தைகள் கலர் பொம்மை பார்ப்பதுபோலப் பார்க்கிறாரோ என்றும் சில நாள் தோன்றும்.

அப்படியிருக்கும்போதுதான் பட்டியல் வந்தது. வேறு ஏதோ ஊர் அலுவலகத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த க்ளையன்ட் வழியாகத் திருடர்கள் புகுந்துவிட்டார்களாம், இங்கே மேலிடம் ஆட்டம் கண்டுவிட்டது. பிரிவுத் தலைவர் அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், நல்ல பையன், எதற்கெடுத்தாலும் கழுத்துப் பட்டையை நீவிக்கொள்வார். “உரிமையாளர் இல்லாதது அறுபத்து மூணு இருக்கு மேடம். அடுத்த மாசத்துக்குள்ள சுத்தமா இருக்கணும். உங்க முறைப்படியே பண்ணுங்க, நான் குறுக்க வரல” என்றார்.

நாற்பத்தோராவது வரியில் இருந்தது: நீர்மட்டம்-வீடு. உரிமையாளர், 4136. நிலை, பணியில் இல்லை. கடைசியாக உள்நுழைந்தது, நான்கு வருடத்துக்கு முன்.

நான்கு வருடமாக நுழையவில்லை என்றால் செத்தது என்று அர்த்தமில்லை. ஒருமுறை நுழைந்தவர் வெளியேறவே இல்லை என்றும் இருக்கலாம். அந்த டேப்பை அவர் அணைத்ததே இல்லை. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

உரிமையாளர் கட்டத்தில் தன் எண்ணைப் போட்டுவிட்டால் காதும் காதும் வைத்தமாதிரி விஷயம் முடிந்தது. விரலைக் கொண்டுபோனாள், திரும்ப எடுத்தாள். அறுபத்திரண்டு பேருக்கு ஒரு நியாயம், தன் வீட்டுக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்ள அவளுக்கு வரவில்லை. இது பாதி உண்மை. மீதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முடக்கினால் தெரிந்துவிடும். அந்த நீலக் கம்பங்கள் அவருக்கு நீர்மட்டமா, வெறும் கலரா என்று தெரிந்துவிடும். இரண்டு வருடமாக ஒரு வைத்தியரும் சொல்லாததை ஒரு பொத்தான் சொல்லிவிடும். தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை, தெரிந்துகொள்ளவும் பயம். திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, அறுபத்து மூன்றையும் ஒன்றாக முடக்கினாள். வாளியில் சொட்டு விழும் சத்தம் அன்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

செவ்வாய் காலை சமையலறை நிலைப்படியில் நின்று பார்த்தாள். அவர் விரலை நீட்டித் திரையைத் தொட்டார். நீலக் கம்பங்கள் வரவில்லை, அவள் எழுதிய வாசகம் வந்தது. அதைப் பார்த்தார். மறுபடி தொட்டார். அதே வாசகம். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, ஒரு சத்தம் இல்லை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“என்னங்க, வரலையா?” என்றாள். குரல் அவளுக்கே வேறாகக் கேட்டது.

அவர் திரும்பவில்லை. “சரி விடுங்க, காபி குடிக்கலாம்” என்று அவளே சொன்னாள். கொஞ்ச காலமாக அந்த வீட்டில் கேள்வியும் அவள்தான், பதிலும் அவள்தான்.

அந்த வாரம் முழுக்க அப்படியே போயிற்று. தொடுவார், பார்ப்பார், திரும்பிக்கொள்வார். அவள் எட்டு இருபதுக்குக் கிளம்பிப் பேருந்து பிடிக்க ஓடுவாள். அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண் எட்டே முக்காலுக்கு வருவாள். நடுவில் அந்த இருபத்தைந்து நிமிடம் அவர் மேசைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பார். வீட்டுச் சாவி எதிர்வீட்டில் இருந்ததால் அவளுக்கு அதில் பெரிய பயம் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை அவர் டேப்பைத் தொடவில்லை. ஏறெடுத்தும் பார்க்கவில்லை. செவ்வாயும் அப்படித்தான். எட்டு நாளில் மறந்துவிட்டார் என்று அவள் முடிவு கட்டினாள். பேருந்தில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் இருந்த அம்மாள் எதுவும் கேட்காமல் தன் கைக்குட்டையை எடுத்து இவள் மடியில் வைத்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள். அந்தக் கைக்குட்டை இன்னும் இவளிடம்தான் இருக்கிறது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். அவருடைய ஒரே தங்கை. கெட்டவள் இல்லை. அண்ணன் படுத்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று மணிநேரம் பயணம் செய்து வந்து, அண்ணனுக்கு நகம் வெட்டி, தலை வாரிவிட்டுப் போகிறவள். அன்று நகம் வெட்டி முடித்துவிட்டுச் சமையலறைக்கு வந்தாள்.

“அண்ணி, கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு ஹோம் இருக்குன்னு சொன்னேன்ல, அதுல ஒரு படுக்கை காலியாயிருக்கு. நல்லா பாத்துக்கறாங்க. நான் தினமும் போய்ப் பாத்துக்குவேன்.”

“அவரு இங்கதான் இருக்கணும்னு நினைப்பாரு.”

“நினைப்பாரா?” நாத்தனாரின் கண் கலங்கிவிட்டது. “அண்ணி, நான் அவரு தங்கச்சி. எனக்கு மட்டும் ஆசையா? நகம் வெட்டும்போது சின்ன வயசுக் கதை எல்லாம் சொல்றேன். ஒரு அசைவு இல்ல. அவருக்கு எந்த இடமும் ஒண்ணுதான் இப்ப. உங்களுக்குத்தான் இடுப்பு போகுது. கண்ணாடியில உங்களையே பாருங்க.”

இரண்டு வாரத்துக்கு முன்னால் என்றால் அவள் சண்டை போட்டிருப்பாள். இப்போது அதற்கு வழியில்லை. அவளிடம்தான் சாட்சி இருந்ததே. எட்டே நாள். நாத்தனார் நீட்டிய சேர்க்கை விண்ணப்பத்தை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

“ரெண்டு வாரம் குடு. ஒரு வேலை பாக்கி இருக்கு. அது முடிஞ்சதும் கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

“அதுவரைக்கும் வச்சிருக்கச் சொல்றேன் அண்ணி” என்று நாத்தனார் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

முப்பதாம் நாள் புதன்கிழமை வந்தது. அதற்குள் நான்கு பேர் கத்தியிருந்தார்கள். லாரிக்காரர்கள் இரண்டாம் நாளே கத்தினார்கள், அவர்களுக்குப் பொறுமை கிடையாது. நூலகத்திலிருந்து ஒரு கடிதமே வந்தது. நான்கையும் திறந்துவிட்டு, உரிமையாளர் யாரென்று எழுதி வாங்கிக்கொண்டாள். மிச்சம் ஐம்பத்தொன்பது. காலை பத்து மணிக்கு நோட்டை எடுத்துக்கொண்டு தரைத்தளத்துக்கு இறங்கினாள்.

ஹெல்ப்டெஸ்க்கில் காலைநேரத்துக்கு ஒரு பெண் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான். காதில் மாட்டிய கருவியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, நாற்காலி இழுத்துப் போட்டாள். இருவரும் ஒரு மாதக் குறிப்புகளைத் திரையில் உருட்டினார்கள். பாஸ்வேர்ட் மறந்தவர்கள், அச்சு இயந்திரம் சிக்கியவர்கள், எலி மின்கம்பியைக் கடித்துவிட்டது என்றவர்கள். அந்த ஐம்பத்தொன்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் அக்கா.”

அவள் எழுந்தாள். நோட்டை மூடினாள். ஐம்பத்தொன்பதையும் அழித்துவிடலாம், விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போட்டுவிடலாம். அப்புறம் ஏதோ ஒரு பழக்கம், அந்தப் பரிசோதனைக் கூடத்தோடு ஒட்டிக்கொண்ட பழக்கம், அவளை ஒரு கேள்வி கேட்க வைத்தது.

“எழுதாம விட்டது ஏதாவது இருக்கா?”

“எழுதாம எதையும் விடறதில்ல அக்கா” என்று ஆரம்பித்தவள், கன்னத்தைச் சொறிந்தாள். “ஒரு ப்ளாங்க் கால் மட்டும் வந்துட்டே இருக்கு. அதுக்குப் புகார் டிக்கெட் போட முடியாதே. யாருன்னு தெரியாதே. காலைல திறந்ததும் அதுதான் முதல் கால். சரியா எட்டரை. பேச மாட்டாங்க. ‘உங்க ஸ்டாஃப் நம்பர் சொல்லுங்க’ன்னு கேட்பேன். ஏதோ டொக்கு டொக்குன்னு சத்தம் வரும். லைன்ல கோளாறுன்னு நினைச்சேன். ரெண்டு நிமிஷம் பாத்துட்டு வச்சிடுவேன். பாவமா இருக்கும், ஆனா நம்பர் இல்லாம புகார் எடுக்கக் கூடாதுல்ல?”

“எங்கேருந்து வருது?”

அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். அதிலிருந்த தொலைபேசி எண்ணை வாசல்காரம்மா ஒருமுறைதான் பார்த்தாள். அது அவள் வீட்டு எண்.

மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“பதிவு இருக்கா?”

“எல்லா காலும் பதிவாகும். ஏன் அக்கா, என்னாச்சு? தண்ணி குடிக்கிறீங்களா?”

பத்தொன்பது அழைப்புகள். முடக்கிய மூன்றாம் நாள், வியாழக்கிழமை தொடங்கி, அன்று காலை வரை. சனி ஞாயிறுகளில் ஒன்றுகூட இல்லை. நடுவில் ஒரு வெள்ளிக்கிழமையும் இல்லை. அன்று அலுவலக விடுமுறை. ஹெல்ப்டெஸ்க் மூடியிருக்கும் நாளில் ஒருநாளும் அவர் கூப்பிடவில்லை. எட்டு இருபத்தொன்பதுக்கும் கூப்பிடவில்லை.

காதுக் கருவியை மாட்டிக்கொண்டு முதல் பதிவைக் கேட்டாள். வணக்கம், ஹெல்ப்டெஸ்க். உங்க ஸ்டாஃப் நம்பர் சொல்லுங்க. ஒரு மூச்சு. இரண்டு வருடமாக ராத்திரிகளில் பக்கத்தில் கேட்கிற மூச்சு. பிறகு தொலைபேசியை மேசையில் தட்டும் சத்தம். டொக், டொக், டொக், டொக். நிறுத்தம். டொக். நிறுத்தம். டொக், டொக், டொக். நிறுத்தம். பிறகு ஆறு, ஒவ்வொன்றாக, இடது கைக்குப் பழக்கமில்லாத நிதானத்தோடு.

நான்கு, ஒன்று, மூன்று, ஆறு.

ஹலோ, கேக்குதா? ஸ்டாஃப் நம்பர் சொல்லுங்க. மறுபடி நான்கு, ஒன்று, மூன்று, ஆறு. ஹலோ? ஹலோ? பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்ட சத்தம்.

பத்தொன்பதையும் கேட்டாள். அந்தப் பெண் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். இவள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், திட்டுவதற்கு அல்ல, பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

இப்போது எல்லாம் விளங்கியது. ஏழாம் நாளிலிருந்து டேப்பைப் பார்க்காதது மறந்ததால் அல்ல. தொலைபேசி எண் மனப்பாடமாகிவிட்டது, பிறகு எதற்குப் பார்க்க வேண்டும்? பெரிய பொத்தான் தொலைபேசியை இரண்டு வருடம் தொடாதது முடியாததால் அல்ல, தேவை வரவில்லை. முப்பத்தொரு வருடம் ஒரு நகரத்துக்கே தண்ணீர் காத்த மனுஷனிடம் கோப்பைப் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால் முகத்தைத் திருப்பாமல் என்ன செய்வார்? எதிரிலேயே நின்ற பெண்டாட்டியிடம் ஒரு முனகல்கூட முனகவில்லையே என்றால், வீட்டில் புகார் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று பதினைந்து வருடம் சொன்னது யார்? அவள் கற்றுக்கொடுத்த வழியில் அவர் பிசகாமல் போயிருக்கிறார். எட்டரைக்குத் திறக்கும், ஸ்டாஃப் நம்பரைச் சொல்ல வேண்டும். சொல்லியிருக்கிறார். ஒரு மாதம் கத்தோ கத்து என்று கத்தியிருக்கிறார். மூச்சு இருக்கா என்று பார்க்கிறவள் அவள் ஒருத்திதான், அவளுக்கே கேட்கவில்லை.

மாடி ஏறிப் பிரிவுத் தலைவர் முன்னால் நின்றாள். “நாற்பத்தோராவது உயிரோட இருக்கு சார். கூப்பிட்டிருக்காங்க.”

“யாரு?”

“ஸ்டாஃப் நம்பர் நாலு ஒண்ணு மூணு ஆறு. என் வீட்டுக்காரரு.” எல்லாவற்றையும் சொன்னாள், தெரிந்தே முடக்கியதையும் சேர்த்து. தலைவர் கழுத்துப் பட்டையை நீவ மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“பணியில இல்லாதவர் பேர்ல வைக்க முடியாது மேடம்” என்றார் கடைசியில். “ஆனா மட்டத்தைப் பாக்க மட்டும்தானே? எதையும் மாத்த முடியாதுல்ல? கட்டுப்பாட்டு அறை உரிமையாளர்னு போட்டு, வருஷத்துக்கு ஒரு தடவ சரிபாக்கணும்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன். இப்பவே திறந்துடுங்களேன்.”

“இல்ல சார். புகார் வந்தப்புறம் திறக்கறேன்.”

அன்று மாலை வீட்டில் அவள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. சாப்பாடு கொடுக்கும்போது அவர் முகத்தையே பார்த்தாள். அதே முகம்தான், அவளுக்குத்தான் வேறாகத் தெரிந்தது. தட்டை எடுக்கும்போது டம்ளர் கவிழ்ந்தது. அவர் டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

மறுநாள் வழக்கம்போல எட்டு இருபதுக்குக் கிளம்பினாள். பேருந்துக்கு நிற்கவில்லை, ஆட்டோ பிடித்தாள். எட்டு இருபத்தெட்டுக்கு ஹெல்ப்டெஸ்க் இருக்கையில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் பின்னால் நின்றுகொண்டாள். எட்டரைக்கு மணி அடித்தது.

“வணக்கம், ஹெல்ப்டெஸ்க். உங்க ஸ்டாஃப் நம்பர் சொல்லுங்க.”

அந்தப் பக்கம் மூச்சு நின்றது. குரல் மாறியிருப்பதைக் கவனித்துவிட்டார். கொஞ்சம் பொறுத்து, மிக மெதுவாக, தட்டல்கள் வந்தன. நான்கு. ஒன்று. மூன்று. ஆறு.

“நாலு ஒண்ணு மூணு ஆறு. பதிவு பண்ணிக்கிட்டேன் சார்” என்றாள். திரையில் நாற்பத்தோராவது வரியின் முடக்கத்தை எடுத்துவிட்டாள். “நீர்மட்டம் திரை வரலைன்னு புகார். முன்னாடியே எடுத்திருக்கணும். தப்பு எங்க மேலதான், மன்னிச்சிடுங்க. இப்ப திறந்துட்டேன். தொட்டுப் பாருங்க.”

சக்கர நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஏழையும் பார்க்கிற நேரம் ஆயிற்று. அதற்கப்புறம் அந்தப் பெருமூச்சு, தொலைபேசி வழியாக, காதுக்குள்ளேயே.

புகாரை முடிக்குமுன் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சுவரில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துப் படித்தாள். “வேற ஏதாவது உதவி வேணுமா? வேணும்னா ரெண்டு தட்டு, வேண்டாம்னா ஒரு தட்டு.”

இரண்டு தட்டு.

இரண்டு வருடத்தில் அவர் அவளிடம் சொன்ன முதல் பதில் அதுதான். பின்னால் நின்ற பெண் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். என்ன வேணும் என்று கேட்டால் தட்டிச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகத்தான் கேட்க வேண்டும். கைப்பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த விண்ணப்பத்தை மேசை மேல் விரித்தாள்.

“உங்க தங்கச்சி ஊர்ல ஒரு ஹோம் இருக்கு. நல்ல இடம்தான். எனக்கு முடியலைன்னு அவ பயப்படறா. எனக்கும் சில நாள் முடியலதான். நீங்க அங்க போறீங்களா?”

ஒரே தட்டு. காது வலித்தது. தொலைபேசி உடைந்திருக்கும் என்று நினைத்தாள்.

“சரி, சரி, மெதுவா. புது போன் வாங்கணும் போல இருக்கே” என்று சிரித்தாள், சிரிப்பு பாதியில் வேறாகிவிட்டது. விண்ணப்பத்தைக் கசக்கிக் கூடையில் போட்டாள். தங்கச்சிக்கு மாலையில் போன் செய்து இந்தத் தட்டல்களைக் கேட்க வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். சின்ன வயசுக் கதைகள் எல்லாம் வீண் போகவில்லை என்று அவளுக்கும் தெரியட்டும்.

“காபி வேணும்னு கேட்கறேன்ல, தினமும் நானே பதில் சொல்லிக்கறேன்ல. உங்களுக்குக் காபி வேணுமா, டீ வேணுமா? காபின்னா ரெண்டு.”

ஒரு தட்டு.

“டீயா?” அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ரெண்டு வருஷமா காபி குடுத்துட்டு இருந்தேனே! ஏன் ஒரு வார்த்தை…” என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். அந்தப் பக்கத்திலிருந்து, தொண்டையில் ஏதோ உருள்வதுபோல ஒரு சத்தம் வந்தது. அவர் சிரிக்கிறார் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அன்று காலை ஹெல்ப்டெஸ்க்கின் முதல் இணைப்பு பதினொரு நிமிடம் கிடைக்கவில்லை என்று பதிவேட்டில் இருக்கிறது. காரணம் என்ற கட்டத்தில் அந்தப் பெண், ஸ்டாஃப் நம்பர் 4136, புகார் நடந்துகொண்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறாள். அந்தப் புகாரை வாசல்காரம்மா இன்றுவரை முடித்து வைக்கவில்லை.